சித்தப்பாவின் படம்

கண்ணாடி போட்ட படம் என்றால் நாம் சின்னவர்களாக இருந்த காலத்தில் அதற்கு என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக் கொஞ்சம் சாய்வாகத் தொங்கியிருக்கும். பின்னால் குருவி கூடு கட்டியிருக்கும். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அந்தச் சுவரில் இருப்பவர் ஒன்று சாமியாக இருப்பார், இல்லாவிட்டால் செத்தவராக இருப்பார். உயிரோடு இருப்பவரின் படத்தை மாட்டிப் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒருவர் படம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, என் வீட்டில். எழுபதை நெருங்குகிறேன், அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னமும் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒதியம்பட்டில் ஒரு வெள்ளைக்காரர் தோட்ட வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி, கிணறு, மாமரம் எல்லாம் அப்பா பொறுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய காலம். அந்தத் தொரையும் கிளம்பினார். எடுத்துப்போக முடியாததையெல்லாம் அப்பாவிடம் கொடுத்தார். பிரம்பு கிழிந்த நாற்காலி, அடிக்காத கடிகாரம், குருவி இல்லாத கூண்டு, அப்புறம் கோணிச் சாக்கில் சுற்றிய படங்கள். எல்லாம் மாட்டு வண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கின. ஐப்பசி மழை பிடித்திருந்தது. சாக்கு நனைந்து, அவிழ்த்தபோது ஈரநாய் வாடை அடித்தது.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல தேக்கு. கண்ணாடி ஒண்ணுகூட ஒடையல பாரு," என்றாள்.

அதற்காகத்தான் அந்தப் படங்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. எங்கள் டிரங்குப் பெட்டியில் பல வருஷத்துக் காலண்டர் சாமிகள் சுருட்டி வைத்தபடி சட்டத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அரிவாள் நுனியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பி எடுத்தார். உள்ளே இருந்த தாள்கள் வெளியே வந்தன. முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் உள்ளே போனார்கள். மிச்சச் சட்டங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குத் தெருவே பண்டிகை போல இருந்தது.

தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு தாளை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. துணி மாதிரி கனம். ஓரத்தில் விரலை வைத்துத் தடவினால், படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் தட்டுப்படும். செப்புத் தகட்டை வைத்து அழுத்திய தடம் அது என்று இப்போது தெரியும். அப்போது அது எனக்கு ஒரு வரப்பு. வரப்புக்குள்ளே கடல். கிட்டப் போய்ப் பார்த்தால் கடலே இல்லை, மயிரிழை மயிரிழையாகக் கோடுகள், வலை பின்னினாற்போல. தள்ளி வந்தால் அலை அடிக்கும். மூன்று பாய்மரக் கப்பல்கள், கரையில் ஓலைக் குடிசைகள், நாம் பார்த்தறியாத இலை வைத்த மரங்கள், உடம்பெல்லாம் பச்சை குத்திய ஆட்கள், மேல்துணி இல்லாமல் நிற்கும் பெண்கள். அந்தப் பெண்கள் இருந்த தாளை அம்மா முதல் வேலையாக மடித்து அரிசிப் பானைக்கு மூடி கட்டினாள். ஒன்று பரணில் புளிக்கு அடியில் போனது. இன்னொன்றை அப்பா வெகுநாள் விசிறியாக வைத்திருந்தார்.

மிச்சத்தைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சித்தி, அப்பாவின் தம்பி பெண்சாதி. கடலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கல்யாணமாகி ஒரு தீபாவளி சேர்ந்து கொண்டாடியதோடு சரி, சித்தப்பா புதுச்சேரிக் கடல்பாலத்திலிருந்து படகேறி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போய்விட்டார். கப்பல் சமையல்கட்டில் வேலை. தொடக்கத்தில் யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டார். ஏதோ தீவுப் பக்கம் கப்பல் போகிறது என்று வந்ததுதான் கடைசி. அப்புறம் வருஷக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. ஒருவர் முகத்தையும் பார்த்துப் பேசாமல், நாற்று நடவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவுமாகச் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். காலையில் குளித்ததும் பெரிய குங்குமப் பொட்டாக வைப்பாள். அது ஒன்றில் மட்டும் அவளுக்குப் பிடிவாதம்.

கப்பல் படங்களை மைதாப் பசை காய்ச்சித் தான் படுக்கிற உள்ளறைச் சுவரில் ஒட்டினாள். நானும் அந்த அறையில்தான் படுப்பேன். மழை நாட்களில் பள்ளிக்கூடம் இருக்காது. ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"இதுல சமக்கட்டு எங்க இருக்கும் சித்தி?"

"பின்னாடிதான் இருக்கும். பொக வருது பாரு."

அது புகையில்லை, மேகம். சித்திக்கு அது புகை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

படங்களின் அடியில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. எங்கள் தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அவரும் சொல்தா. சாராயம் குடித்தால் பிரெஞ்சில் பாடுவார். அவருக்குப் பிரெஞ்சு வாயில் வரும், கண்ணில் வராது. படிக்கத் தெரியாது என்று ஊரில் எவருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. சித்தி அவரை வரவழைத்தது தன் புருஷன் இருக்கிற இடம் இந்தப் படங்களில் எது என்று கேட்கத்தான்.

அவர் சுவரோரமாக நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு படத்தின் முன்னால் நின்றார். கடற்கரை. படகு ஒன்று கரையில் முட்டி நிற்கிறது. கையில் தடியும் ஈட்டியுமாக ஒரு கூட்டம் பாய்கிறது. தொப்பி போட்ட இரண்டு பேர் தண்ணீரிலேயே விழுந்து கிடக்கிறார்கள்.

"இதான் அந்தத் தீவு," என்றார் சொல்தா. "நாங்க போவசொல்ல இத ஒட்டித்தான் போனோம். கப்பல நிறுத்தவே வுடல. எறங்கனவன திரும்ப ஏத்தினது கெடையாது. மனுஷன அடிச்சித் துன்றவனுங்க."

வந்த மனிதர், தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் எதையோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டிருந்தது சித்தி மட்டுமில்லை. கதவோரத்தில் அப்பாவும் நின்றிருந்தார்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் படம் இருநூறு வருஷத்துக்கு முன்னால் செதுக்கியது. அதில் விழுந்து கிடப்பவர்கள் எங்கள் பாட்டன் முப்பாட்டன் பிறப்பதற்கு முன்னாலேயே செத்தவர்கள். அது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? தாள் வெள்ளையாக இருந்தது. நம் வீட்டுப் பஞ்சாங்கம் அடுத்த பொங்கலுக்குள் மஞ்சளாகிவிடும். செய்தித்தாள் ஒரு வெயிலுக்குப் பழுத்துவிடும். இது பால் போல இருந்தது. வெள்ளையாக இருப்பது புதுசு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ நடந்ததைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா நம்பினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு அவர்களும் நம்பினார்கள். ஒருவர் தாளை விரலால் தேய்த்துப் பார்த்து, "புதுக் காயிதம்தான்," என்று சாட்சி சொன்னதை நான் காதால் கேட்டேன்.

அப்பா கெட்டவரில்லை. அம்மாவிடம் அவர் சொன்னது இது: "இருக்கறானா இல்லியான்னு தெரியாம இந்தப் பொண்ணு இன்னும் எத்தினி நாளு கெடக்கும்? அழுது தீத்துட்டா ஒரு வழியா போவும்." அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஏரி மதகுக்குக் கீழே அண்ணன் தம்பிக்குப் பொதுவில் ஒரு நல்ல நிலம் இருந்தது என்பதும் உண்மை. அவர் மனதில் எது முன்னால் வந்தது என்று கேட்க அப்போது எனக்கு வயதில்லை. கேட்கிற வயது வந்தபோது அப்பா இல்லை.

உடம்பு இல்லாத சாவுக்கு வைக்கோலில் ஆள் செய்து எரிப்பார்கள். சித்தப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி, ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினார்கள். மழையில் வைக்கோல் சரியாகப் பிடிக்கவில்லை. புகைந்து புகைந்து கண்ணெல்லாம் எரிந்தது. பெரியவர்களின் கண்ணில் வந்த தண்ணீரில் எது புகை எது துக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

கருமாதிக்கு நாள் குறித்தபோதுதான் அந்தச் சிக்கல் வந்தது. படையல் போட்டுப் பூ வைக்க ஒரு படம் வேண்டும். சித்தப்பா எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ கப்பல் வேலைக்கான காகிதத்தில் ஒட்டுவதற்காக எடுத்தது. அது அவரோடு போய்விட்டது. வெறும் சுவருக்கா படைப்பது என்று அம்மா கேட்டாள்.

சித்தி ஒட்டாமல் வைத்திருந்த தாள்களை அப்பா புரட்டினார். அதில் ஒன்று ஓர் ஆளின் முகம். மார்பு வரைக்கும். சுருட்டை முடி, அதில் ஒரு நாடா கட்டியிருந்தது. தடித்த உதடு, அகலமான மூக்கு. தோளில் ஒரு துணியை முடிந்து போட்டிருந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், வரைகிறவரையும் பார்க்காமல் நம்மையும் பார்க்காமல்.

"ஜாடை இருக்குது பாரேன்," என்றார் அப்பா.

"மூக்கு அப்பிடியே," என்றாள் அம்மா.

சித்தி வாசற்படியில் நின்றிருந்தாள். "இது அவரு இல்ல மாமா," என்றாள்.

"தெரியாமயாமா இருக்குது? ஒரு மூஞ்சி வேணும் இல்ல."

வேறு யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

படம் மாட்டச் சட்டம் வேண்டும். கூடத்தில் இருந்த முருகனை இறக்கினார்கள். பின்பக்கத்து ஆணியை எடுத்து, முருகனைச் சுருட்டிப் பழையபடி டிரங்குப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, அந்த ஆளை உள்ளே வைத்தார் அப்பா. இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அது அவர் சட்டம்தானே, எங்கிருந்து அவரைப் பிடுங்கினார்களோ அங்கேயே திரும்பி வந்தார். கண்ணாடிமேல், நெற்றி இருக்கிற இடத்தில், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். கதம்ப மாலை போட்டார்கள்.

விடியற்காலையில் சித்தியை அதன்முன்னால் உட்கார வைத்தார்கள். நான் உள்ளறையிலிருந்து பார்த்தேன். தாலியை வாங்கிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். வளையலை உடைத்தார்கள். ஒரு கிழவி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள், சித்தி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், இன்னொருத்தி பின்மண்டையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி சிவந்து போகிற வரைக்கும் துடைத்தார்கள். சித்தி அழவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரப்பா நீ என்று கேட்கிற மாதிரி.

அந்த மழைக்காலம் முடிந்தது. ஏரி நிரம்பி, வடிந்து, அறுப்பும் ஆனது. மாசியில் ஒரு மத்தியானம், பாகூர் கடைத்தெருவிலிருந்து குதிரை வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தோல் பெட்டி. உடம்பு பெருத்திருந்தது. வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, யார் என்றும் கேட்கவில்லை.

சித்தப்பா கூடத்துக்குள் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, படத்தில் புதுப்பூ இருந்தது.

"யாருண்ணா இவன்?" என்று கேட்டார்.

"நீதான்டா," என்றார் அப்பா.

சித்தப்பா சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகு சிரிப்பை நிறுத்தினார். சித்தி அடுப்படியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். அந்த வீட்டில் அவள் நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அக்கா, நான் இப்ப பொட்டு வெச்சிக்கலாமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தம்பியைப் பார்த்தார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்தார். கேள்வி ஒரு சுற்று சுற்றி அவளிடமே திரும்பி வந்தது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறுத்ததை மறுபடி கட்ட நம் வழக்கத்தில் இடமில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். பரிகாரம் இருக்கிறது என்று ஒருவர் இழுத்தார். சித்தப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. அவருக்கு அங்கே ஒரு துறைமுகத்து ஊரில் குடும்பம் இருந்தது, குழந்தையும் இருந்தது. எங்கள் வீட்டில் செய்த காரியம் அவருக்கு வசதியாகப் போயிற்று. "செத்தவனாவே இருந்துட்டுப் போறன், வுடுண்ணா," என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். புதுச்சேரிக்குப் போய் மதகடி நிலத்தை அப்பா பேருக்கு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட மட்டும் உயிரோடு இருந்தார். அந்த வாரமே கிளம்பிவிட்டார். போகும்போது சித்தியிடம் ஒரு சென்ட் புட்டியைக் கொடுத்தார். விதவைக்குச் சென்ட். அது திறக்காமலே வற்றிப்போயிற்று.

சொல்தா அதற்கப்புறம் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போவார்.

ஆள் வந்துவிட்டுப் போன பிறகும் படம் சுவரில் இருந்தது. உயிரோடிருப்பவனுக்கு மாலை போட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தி குறுக்கே போய் நின்றாள்.

"அது இருக்கட்டும் அக்கா."

"இன்னாத்துக்குடி? அது யாரோ எவனோ."

"யாரா இருந்தா இன்னா. யாருக்காவது நான் அறுத்திருக்கணும் இல்ல?"

அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அன்றிலிருந்து அந்தப் படத்துக்குச் சித்தியைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடி துடைப்பாள். கனகாம்பரமோ செவ்வரளியோ கிள்ளி வைப்பாள். தீபாவளிக்கு வேட்டி வைத்துப் படைப்பாள். உள்ளறையிலிருந்த கப்பல்களையெல்லாம் தண்ணீர் தெளித்து ஊற வைத்து, சுரண்டி எடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பாய்மரமும் கூழாகி, குப்பைக்குழிக்குப் போயின. அதற்காகக்கூட நான் அழுதேன். சித்தி அழவில்லை.

நான் கல்யாணமாகி அரியாங்குப்பத்துக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு சித்தி என்னோடு வந்து இருந்தாள். ஒரு பைத் துணியும் அந்தப் படமும்தான் கொண்டுவந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யாரும்மா என்று கேட்டதற்கு, எங்க வூட்டுக்காரர் என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அவள் போய்ச் சில வருஷமாகிறது. வாக்காளர் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். எங்கே மாட்டுவது என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்து ஆணியில்தான் மாட்டினேன். ஜோடியாக இருக்கிறார்கள். அவளுக்கும் நெற்றியில் பொட்டு வைத்தேன், கண்ணாடிமேல், பெரிதாக. யாரிடமும் கேட்கவில்லை.

போன மாதம் என் பேத்தியோடு கல்லூரியில் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பழைய வரைபடங்கள், கப்பல் படங்கள் சேர்க்கிறவனாம். கூடத்துக்குள் வந்தவன் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து, மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து அடியில் இருந்த எழுத்தைப் படித்தான்.

"பாட்டி, இது எங்க கெடைச்சுது? இது செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சது. பிரெஞ்சுக் கப்பல்ல கூடப் போன ஓவியர் வரைஞ்சதுன்னு போட்டிருக்கு. எரநூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"இருக்கட்டும்பா. அவரு யாரு? அத எழுதியிருக்குதா?"

"பேரு இருக்கு. அவங்க காதுல விழுந்த மாதிரி எழுதியிருக்காங்க. தென்கடல்ல ஒரு தீவுக்காரர். கப்பல்காரங்க தங்களோட ஏத்திக்கினு போயிருக்காங்க. வழியிலயே செத்துட்டாருன்னு போட்டிருக்கு. ஊரு திரும்பல."

விலைக்குக் கிடைக்குமா என்று அவன் கேட்க வாயெடுப்பது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"அவருக்கு ஊர்ல பொண்டாட்டி இருந்தாளா?"

பையன் இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். "அதெல்லாம் எழுதல பாட்டி. யாரு எழுதப் போறா?"

"இருந்தா," என்றேன். "பக்கத்துல இருக்கறா பாரு."